செய்தியாளர் போகாத ஊர்



"அமெரிக்க அரசியலை இரவு பகலாகத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்களே, பிறகேன் பத்திரிகை?" என்று நேயர் ஒருவர் கேட்டார். அவருக்கு நான் பெல் நகரின் கதையைச் சொன்னேன்.

லொஸ் ஏஞ்சல்ஸ் அருகே ஏறத்தாழ 35,000 பேர் வாழும் சிறு நகரம் அது. பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசும் உழைப்பாளர் குடும்பங்கள். நகரசபைக் கூட்டங்களுக்குச் செய்தியாளர் எவரும் ஒழுங்காகச் சென்றதில்லை. 2010 யூலையில் லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் செய்தியாளர்கள் இருவர் கணக்குகளைக் கிளறினார்கள். நகர நிர்வாகி ஆண்டுக்கு ஏறத்தாழ 8 இலட்சம் டொலர் சம்பளம் எடுத்தது அப்போதுதான் வெளிவந்தது. அன்றைய சனாதிபதி ஒபாமாவின் சம்பளமே 4 இலட்சம்தான்! நிர்வாகிக்கு 2014இல் 12 ஆண்டுச் சிறை. போனதோ ஏழைகளின் வரிப்பணம்.

சிறு விளம்பரங்கள் இணையத்துக்குப் போனதால் பத்திரிகைகளின் வருமானம் வற்றியது. 2005இன் பின் அமெரிக்காவில் 3,000க்கும் மேற்பட்ட பத்திரிகைகள் மறைந்துவிட்டன. 2025 யூலையில் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கிய 110 கோடி டொலரையும் காங்கிரஸ் மீளப்பெற்றது. கிராமப்புறச் சிறு வானொலிகளுக்கே அடி அதிகம்.

தொலைக்காட்சி வாஷிங்டன் சண்டையைக் காட்டும். உங்கள் ஊரின் வரிக்கணக்கைக் காட்டாது.

செய்தி வராத இடத்தில் வதந்தியே ஆளும் என்பதைப் பட்டறிந்தவர்கள் நாங்கள். உங்கள் நகரசபைக் கூட்டத்துக்கு ஒருமுறையாவது போய் இருந்து கேளுங்கள். கேட்டதை எங்கள் வானொலியில் வந்து சொல்லுங்கள்.