ஒரே டிஸ்க்கை நம்பிய கணக்கு

கொமரலிங்கம் அமராவதிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர். அதே மாவட்டத்தில் வடக்கே போனால் திருப்பூரின் பனியன் தொழில். தொழில் வேறானாலும், மேசைக்குக் கீழே ஓடும் ஒரு கம்ப்யூட்டர் இன்று இரண்டுக்கும் பொது. நெல் வியாபாரியின் வரவு செலவு, தையல் யூனிட்டின் பீஸ் ரேட் கணக்கு, எம்பிராய்டரி மெஷினுக்கான டிசைன், ஸ்டூடியோக்காரர் எடுத்த கல்யாணப் படங்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில்தான் கிடக்கின்றன. அது நின்றுபோனால், "நேற்று வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு" என்பதுதான் முதலில் வரும் பேச்சு. அதில் பொய் இல்லை. ஆனால் கெடப்போகிற டிஸ்க் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும், அப்போது நகல் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அதைத்தான் விட்டுவிட வேண்டும் என்கிறேன்.

சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கின்றன. படிக்கும் முனை தகட்டைத் தொடாமல், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதக்கிறது. தூசியோ அதிர்வோ முனையைத் தகட்டில் உரசவைத்தால் அந்த இடத்துத் தகவல் போய்விடும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' என்ற ஏற்பாடு இருப்பது உண்மைதான். படிக்க முடியாமல் ஒதுக்கிய இடங்களின் எண்ணிக்கையை அது காட்டும். ஆனால் கூகுள் பொறியாளர்கள் தங்கள் நிறுவனத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையே காட்டாத டிஸ்க்கைவிட, அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு. அதே ஆய்வில், செயலிழந்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. அறிகுறி வந்தால் நம்பலாம். வராததை நம்ப முடியாது. எஸ்எஸ்டிக்கு மாறினாலும் இதே நிலைதான். அதில் சுழலும் பாகம் இல்லை, ஆகவே சத்தமும் இல்லை. சில சமயம் ஒரே காலையில் கம்ப்யூட்டருக்கு அடையாளமே தெரியாமல் போய்விடுகிறது.

அறிகுறி வந்துவிட்டால் செய்யக்கூடாதவைதான் அதிகம். டக், டக் என்று சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதும், 'செக் டிஸ்க்' ஓட்டுவதும் தள்ளாடும் முனையை இன்னும் அலையவைக்கும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் உள்ளே ஈரம் படியும். சாதாரண மேசையில் வைத்து மூடியைக் கழற்றினால், திருப்பூர்ப் பக்கத்துப் பஞ்சுத் தூசியில் அதன் கதை அன்றே முடியும். சத்தம் இல்லாமல் வேகம் மட்டும் குறைந்திருந்தால், அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாமல், முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுப்பதே முதல் வேலை. 'ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, மோசமான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். மீட்கும் முயற்சியெல்லாம் அந்த நகலில்தான் நடக்க வேண்டும்.

"எங்களிடம் பேக்கப் இருக்கிறதே" என்பது அடுத்த வாதம். விசாரித்தால், எப்போதும் செருகியே இருக்கும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்காக இருக்கும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டும். மின்னல் இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே போகும். கிளவுடில் சிங்க் ஆவதும் போதாது, ஏனென்றால் இங்கே தவறுதலாக அழித்தது அங்கேயும் அழியும். சில நாட்கள் குப்பைத் தொட்டியில் கிடைக்கலாம், அவ்வளவுதான். பெரிய இடம் என்றால் பத்திரம் என்பதும் இல்லை. 2025 செப்டம்பர் 26ஆம் தேதி தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசின் தகவல் மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த 'ஜி டிரைவ்' அதில் எரிந்தது. 858 டெராபைட் தகவலுக்கு வெளியே நகல் இல்லை. அளவு பெரிது, தனியாக நகல் வைக்க முடியவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். நம் சங்க நூல்கள் கிடைத்த விதம் இதற்கு நேர் எதிர். ஓலை எளிதில் செல்லரிக்கும் பொருள். ஆனாலும் மடங்களிலும் வீடுகளிலுமாகப் பல ஊர்களில் ஏடுகள் சிதறிக் கிடந்ததால், உ.வே.சாமிநாதையரால் ஒன்றில் சிதைந்ததை மற்றொன்றைக் கொண்டு ஒப்பிட்டு அச்சுக்குக் கொண்டுவர முடிந்தது. காப்பாற்றியது பொருளின் உறுதியல்ல, நகல்கள் பல இடத்தில் இருந்ததுதான்.

செலவு அதிகம் என்பாரும் உண்டு. சில ஆயிரம் ரூபாயில் ஒரு டெராபைட் டிஸ்க் கிடைக்கிறது. இரண்டு வாங்கி வாரம் மாற்றி நகலெடுத்து, ஒன்றை வேறு கட்டிடத்தில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. மீட்டுத் தரும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஆகும் செலவு இதைவிடப் பல மடங்கு, கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. மேலும் ஜிஎஸ்டி சட்டம், ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. அத்தனை காலத்தில் அலமாரியில் தூங்கும் டிஸ்க்குக்கும் வயதாகும். ஆகவே எடுத்து வைத்ததோடு விடாமல், மார்ச் கணக்கு முடிக்கும் சமயத்தில் வேறொரு கம்ப்யூட்டரில் அந்த நகலை ரீஸ்டோர் செய்து, பழைய லெட்ஜர் ஒன்றையும் எம்பிராய்டரி டிசைன் ஒன்றையும் திறந்து பார்க்க வேண்டும். திறக்கவில்லை என்றாலும், அசல் டிஸ்க் அப்போது ஓடிக்கொண்டுதான் இருக்கும். அன்றைக்கே வேறு நகல் எடுத்துவிடலாம்.