வெட்டுத்துண்டுகளினாற் செடிகளைப் பெருக்குதல்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களில் வீட்டு வளவுகள் சிறியவை, மண்ணோ மணற்பாங்கானது. அவ்வளவுகளிற் செவ்வரத்தை, மருதோண்டி, மாதுளை, நந்தியாவட்டை ஆகிய செடிகள் நன்கு வளர்கின்றன. இவற்றைப் பணங்கொடுத்து வாங்கவேண்டுவதில்லை. அயல்வீட்டார் கத்தரித்தெறியும் கொம்புகளே போதும். ஆயினும், நட்ட துண்டுகள் தளிர்த்தபின் பட்டுப்போகின்றன என்பது பலருடைய முறைப்பாடு. கைராசியின்மை இதற்குக் காரணமன்று. தளிரைக் கண்டு வேர் பிடித்ததென மயங்குதலே காரணம்.

தளிர் முந்தும், வேர் பிந்தும்

கொம்பினுள்ளே உணவு சேமிக்கப்பட்டிருக்கின்றது. அதனைக்கொண்டு, வேர் தோன்றுமுன்னரே மொட்டுகள் விரிகின்றன. விரிந்த இலைகள் நீரை ஆவியாக வெளியிடும். அதனை ஈடுசெய்ய வேர் இல்லை. இந்நிலையில் துண்டை வெயிலுக்கு மாற்றினாலும், பிடுங்கி வேறிடத்தில் நட்டாலும் அது விரைவில் வாடிவிடும்.

ஏற்ற காலம்

இக்கரைக்குப் பெரும்பாலான மழை ஒக்டோபர் முதல் சனவரி வரையிலேயே கிடைக்கின்றது. பெரும்போக விதைப்பு நடைபெறும் நாட்களே துண்டு நடுவதற்கும் உகந்தவை. விதையிலிருந்து முளைக்கும் செடிக்கு ஆணிவேருண்டு. துண்டிலிருந்து வளரும் செடிக்கு அது இல்லை. ஆதலால், கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்கள் வருமுன் அதன் பக்கவேர்கள் நன்கு பரவியிருத்தல் வேண்டும்.

துண்டைத் தெரிதல்

நோயற்ற தாய்ச்செடியில், பென்சிற் பருமனுள்ள, பூவற்ற, முதிர்ந்த கொம்பைத் தெரிக. கூரிய கத்தியால் 6 முதல் 8 அங்குல நீளமாக வெட்டுக. அடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாகவும், நுனியை நேராகவும் வெட்டினால் தலைகீழாக நடும் தவறு நேராது. நுனியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்குக. வெள்ளைப் பஞ்சு போன்ற பூச்சி ஒட்டியுள்ள செவ்வரத்தைக் கொம்பைத் தொடவே கூடாது. செவ்வரத்தையும் வெண்டியும் ஒரே குடும்பத்தவை. அப்பூச்சி வெண்டிப் பாத்திக்கும் பரவும்.

நடும் முறை

அடியில் துளையிட்ட தகரப்பேணி, சிரட்டை, பொலித்தீன் பை ஆகியவற்றுள் எதுவும் உதவும். ஆற்றுமணலும் தும்புத்தூளும் சம அளவிற் கலந்து நிரப்புக. கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் அது ஆகாது; உவர்க்கிணற்று நீரும் ஆகாது. துண்டின் அரைப்பங்கு மண்ணுள் இருக்க ஊன்றி, சுற்றிலும் விரலால் அமர்த்துக. கிடுகு நிழலில் வைத்து, பொலித்தீன் தாளால் மூடுக. மண் ஈரமாயிருத்தல் வேண்டும். நீர் தேங்கினால் அடி அழுகும். வேர் பிடிக்குமுன் உரமிடுதல் தவறு.

வேர் பிடித்ததை அறிதல்

செவ்வரத்தை வேர்விட ஏறக்குறைய 4 முதல் 8 கிழமைகள் செல்லும். துண்டை மெல்ல இழுக்கும்போது அது எதிர்த்து நிற்குமாயின், அல்லது பேணியின் துளையில் வெள்வேர் தெரியுமாயின், வேர் பிடித்தது எனக் கொள்க. அதன்பின் மூடியை ஒரு கிழமைக்குட் சிறிது சிறிதாக அகற்றி, காலை வெயிலுக்குப் பழக்கியே நிலத்தில் நடுதல் வேண்டும்.

வேலிக் கதியால்

இதே முறையின் பெருவடிவமே கதியால் நடுதல். கைப்பிடிப் பருமனுள்ள, 5 அடி நீளமான சீமைக்கிளுவைக் கொம்புகளை மாரி தொடங்கும்போது வேலியில் நேரடியாக ஊன்றலாம். 2005ஆம் ஆண்டில் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக இலங்கையில் அறிவிக்கப்பட்டது இம்மரமே. இதன் தழையை வயற்சேற்றில் மிதித்தால் நெல்லுக்குத் தழைச்சத்துக் கிடைக்கும். 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது உரத்துக்காக அலைந்த கமக்காரர், வேலித்தழையின் பெறுமதியை மறந்திருக்கமாட்டார்.

வேலியோ பூஞ்செடியோ, விதி ஒன்றே: தளிர் கண்டு அவசரப்படாது வேர் கண்டு நடுக. அவசரத்தால் இழக்கப்படுவது ஒரு கொம்பு மட்டுமன்று. அடுத்த மாரி வரை ஓராண்டுக் காலமுமாகும்.