ஷினோன் கோட்டையில் சொன்ன ரகசியம்

1429-ஆம் ஆண்டு. பிரான்சின் வடபகுதி பெரும்பாலும் ஆங்கிலேயர்களிடமும் அவர்களுடைய கூட்டாளிகளிடமும் இருந்தது. முடிசூட வழியின்றி ஷினோன் கோட்டையில் தங்கியிருந்தார் இளவரசர் சார்லஸ். அவரைத் தேடி, ஆண் உடையில் குதிரையேறி வந்தாள் ஒரு குடியானவப் பெண். வயது 17 இருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாது. பெயர் ஜோன்.

இருவரும் தனியே பேசினார்கள். அதன்பின் சார்லஸின் முகம் தெளிந்தது என்று கண்டவர்கள் சொன்னார்கள். அப்படி என்ன சொன்னாள்? பின்னாளில் எதிரிகளிடம் பிடிபட்ட அவளை விசாரித்த நீதிமன்றம் துருவித் துருவிக் கேட்டும் நேரான பதில் வரவில்லை.

அதே விசாரணையில், தனக்கு 13 வயதானபோது, கோடைக்கால நண்பகலில், அப்பாவின் தோட்டத்தில், தேவாலயம் இருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் வெளிச்சத்தோடு வந்தது என்றாள் ஜோன். வலிப்பு நோயாக இருக்குமோ என்று இன்றைய மருத்துவர்கள் சிலர் யோசிக்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் ஆங்கிலேயர்கள் மாதக்கணக்கில் நடத்திய ஓர்லியான் நகர முற்றுகை, அவள் அங்கே வந்த பத்தே நாளில் விலகியதே! கழுத்தோரம் அம்பு பாய்ந்த அன்றே மீண்டும் களத்துக்குத் திரும்பினாளே! இதையெல்லாம் எந்த நோய் விளக்கும்?

1431 மே 30. அந்த நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்த பின், ரூவான் நகரில் அவளை உயிரோடு எரித்தார்கள்.

மகள் மீதான பழியை நீக்கச் சொல்லி, 24 ஆண்டுகளுக்குப் பின் பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தில் வந்து நின்றார் முதிய தாய் இசபெல். 1456-இல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது.