கற்பாறைகளின் காலவளவை

புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூர் வட்டத்தில் மலையடிப்பட்டி, நார்த்தாமலை, குன்றாண்டார்கோயில் என்னும் ஊர்களிற் பாறையைக் குடைந்தமைத்த சிவாலயங்கள் உள்ளன. இவற்றுள் மலையடிப்பட்டிக் குடைவரை, பல்லவ வேந்தன் தந்திவர்மனது 16-ஆம் ஆட்சியாண்டில், விடேல்விடுகு முத்தரையன் எனப் பெயர் பூண்ட குவாவன் சாத்தனால் எடுப்பிக்கப்பெற்றதென அங்குள்ள கல்வெட்டுக் கூறும். நார்த்தாமலைப் பழியிலி ஈச்சரத்திலோ நிருபதுங்கவர்மனது 7-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உளது. இரண்டும் கி.பி. 9-ஆம் நூற்றாண்டின. கோயிலின் காலம் இங்ஙனம் உரையாற் பெறப்படுகின்றது. அக்கோயிலைத் தன்னுட் கொண்ட பாறையின் காலம் யாதெனின், அதனைப் பொறித்து வைத்தாரும் இலர், கண்டாரும் இலர். காட்சி ஒன்றே அளவை என்னும் உலகாயதர் கொள்கைப்படி இவ்வினா ஈண்டே முடிந்துவிடும். கருதலளவையையும் கொள்வார்க்கு வழியுண்டு.

புகை கண்டவிடத்து நெருப்புண்டெனத் துணிதல் காரிய ஏதுவால் வரும் அனுமானம். பாறையின் அகவையை அறியும் நெறியும் அவ்வகையினதே. யுரேனியம் என்னும் உலோகத்தின் அணுக்கள் தாமே சிதைந்து, படிப்படியாக வேறு பொருள்களாகி, இறுதியில் ஈயமாய் நின்றுவிடும். ஈயம் காரியம், யுரேனியம் காரணம். ஒரு பாறையில் இவ்விரண்டும் எவ்வளவு உள்ளன என்று அளந்து, சிதைவின் விரைவும் அறியப்படின், சிதைவு தொடங்கிய காலம் கணக்கிற் பெறப்படும். ஈயமே இச்சிதைவின் முடிவு என அமெரிக்க அறிஞர் போல்ட்வுட் 1907-இல் காட்டினார். ஆங்கில நாட்டு ஆர்தர் ஹோம்ஸ் 1911-இல் இந்நெறியாற் பாறைகளுக்குக் காலம் வரையறுத்தார்.

யுரேனியத்தில் நிறையால் வேறுபட்ட இருவகை அணுக்கள் சிறப்பாகக் கருதத்தக்கன. நிறை 238 உடையது, நிறை 206 உடைய ஈயமாகும். அதிற் பாதி சிதைதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டு செல்லும். நிறை 235 உடையது, நிறை 207 உடைய ஈயமாகும். அதிற் பாதி சிதைதற்கு ஏறத்தாழ 70 கோடி ஆண்டே போதும். ஆகவே ஒரே கல்லினுள் இரண்டு நாழிகை வட்டில்கள், ஒன்று மெல்லவும் மற்றொன்று விரைந்தும், ஒருங்கே ஓடுகின்றன.

இவ்வனுமானத்திற்குத் தடைகள் எழும். பாறை தோன்றியபொழுதே ஈயம் அதிற் கலந்திருந்ததாயின், கணக்குப் பிழைபடாதோ எனின், கூறுதும். இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் கொள்ளப்படுவது சிர்க்கோன் என்னும் படிகமணி. இலங்கையில் மாத்தறை வைரம் என வழங்குவது இதன் நிறமற்ற வகையே. கருங்கற்களில் இது பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகாச் சிறு மணிகளாய் விரவியிருக்கும். இப்படிகம் உருவாகுங்கால் யுரேனிய அணுவைத் தன் கட்டினுள் ஏற்கும்; ஈய அணுவோ பருமனாலும் மின்னேற்றத்தாலும் பொருந்தாமையின் விலக்கப்படும். ஆதலின் இன்று அதனுட் காணும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் உள்ளே விளைந்ததே. புறத்து ஈயம் சிறிது புகுந்திருப்பினும், எச்சிதைவாலும் தோன்றாத 204 நிறையுடைய ஈயம் அதனுடன் வந்திருக்கும். அதனை அளந்து கலப்பைக் கழித்துவிடலாம்.

அற்றேல், உள்ளே விளைந்த ஈயம் பிற்காலத்து வெப்பத்தாற் கசிந்து போயிருப்பின் என்னையெனின், அதற்கு விடை இரண்டு வட்டில்களும் ஒருங்கே தருவனவாம். 250 கோடி ஆண்டு அகவையுள்ள மணியில், 238 நிறை யுரேனியம் நூற்றுக்கு 32 பங்கும், 235 நிறை யுரேனியம் நூற்றுக்கு 91 பங்கும் ஈயமாகியிருத்தல் வேண்டும். 55 கோடி ஆண்டாயின் முறையே 8 பங்கும் 42 பங்கும் ஆகும். இரண்டும் ஒரே அகவையைக் காட்டுமாயின் மணி கெடாதிருந்ததென்பது துணியப்படும். இடையே ஈயம் கசிந்திருப்பின் இரண்டும் வெவ்வேறு அகவை காட்டி, அக்குற்றத்தைத் தாமே வெளிப்படுத்தும். ஆல்பிரட் நியர் 1939-இல் ஈயத்தின் வகைகளைத் தனித்தனியே அளந்த பின்னரே இச்சோதனை கைகூடிற்று. முரண்பட்ட மணிகளிலிருந்தும் உண்மைக் காலத்தைப் பெறும் வரைபட முறையை வெதெரில் 1956-இல் வகுத்தார்.

சிதைவின் விரைவு முற்காலத்து மாறியிருத்தல் கூடுமெனின், அதுவும் பொருந்தாது. சிதைவு அணுவின் கருவில் நிகழ்வது; பாறையைச் சூழும் வெப்பமும் அழுத்தமும் அதனைத் தீண்டா. மேலும், விரைவு வேறுபட்ட இரண்டும் ஓரகவையிலேயே ஒன்றுமாறு தனித்தனி அளவில் மாறின என்று கொள்ளுதற்கு ஏதுவின்மை காண்க.

இனி, கல்லின் அகவை யாது என ஒருமையில் வினவுதலே பலவிடத்து வழுவாதல் அறியத்தக்கது. சிர்க்கோன் பெருவெப்பத்திலும் அழியாது நிற்கும் இயல்பிற்று. முன்னொரு பாறையிற் பிறந்த மணி, அது தேய்ந்தபின் மணலாய் வேறிடம் சேர்ந்து, மண்ணினடியில் அழுந்தி வெந்து, மற்றொரு பாறையினுட் புதையும். அங்கே பழைய மணியின்மேற் புதிய விளிம்பு வளரும். ஒரே மணியின் நடுவை அளப்பின் ஓரகவையும், விளிம்பை அளப்பின் மற்றோரகவையும் வரும். நடு, மணி பிறந்த காலத்தைக் கூறும். விளிம்பு, பாறை வெந்து உருமாறிய காலத்தைக் கூறும். மயிரிழையினும் நுண்ணிய இடத்தை அயனிக் கற்றையால் தாக்கி அளக்கும் கருவி, 1980-ஐ ஒட்டி ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அமைந்த பின்னரே இவ்வேற்றுமை தெளிவாயிற்று.

தமிழகத்துப் பாறைகள் இதற்குத் தக்க சான்றாவன. வடபாலுள்ள சேலம், நீலகிரிப் பகுதிகளின் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுக்கு முன் வெந்து உருமாறியவை. தென்பாலுள்ள மதுரைப் பகுதியிலோ, படிகமணிகளின் நடு பலவிடத்தும் மிகப் பழமை காட்ட, விளிம்புகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுக்கு முன் நிகழ்ந்த பெருவெப்பத்தைக் காட்டுகின்றன. அக்காலத்தே கண்டங்கள் ஒன்றோடொன்று மோதிக் கோண்டுவானாப் பெருநிலமாய்ப் பொருந்தின என்பர். நடுவின் அகவையைப் பாறைக்கு ஏற்றினால், பாறை தோன்றாத காலத்தே அது தோன்றிற்றெனக் கூறியதாய் முடியும். விளிம்பின் அகவையையே கொண்டால், அம்மணியின் முன்னைப் பிறப்பு மறைந்தொழியும்.

காவிரிக்குத் தென்பாற்பட்ட குளத்தூர் வட்டத்துக் குன்றுகளை நோக்குவார்க்கும் இவ்வேறுபாடு இன்றியமையாதது. ஒரு குன்றின் காலத்தை மற்றொன்றின்மேல் ஏற்றாது, அவ்வக் குன்றின் மணிகளைக் கொண்டே துணிதல் வேண்டும். மற்று, முத்தரையர் காலத்து உளி பாறையை வெட்டிற்றேயன்றி அதனுள்ளோடும் சிதைவை மாற்றவில்லை. ஆகலின் குடைவரை எடுத்த காலத்தை யுரேனியத்தால் ஒருபொழுதும் அறிதல் கூடாது. அதற்குக் கல்வெட்டே சான்று. பாறையின் பிறப்பிற்குப் படிகமணியின் நடுவும் விளிம்பும் சான்று. கல்வெட்டுச் சிதையினும், குன்று உடைபடினும் இழக்கப்படுவன வெவ்வேறு சான்றுகள். இரண்டும் தாங்கி நிற்கும் இக்குடைவரைக் குன்றுகள் அவ்விருவகையாலும் போற்றத்தக்கன.