அதிகாலை மூன்று மணிக்கு எழுவது யார்?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படித்தபோது ஒரு நிறுவனத்தில் ஆறு மாத வேலைப் பயிற்சிக்குச் சென்றேன். இரண்டாம் மாதம், நான் எழுதிய நிரல் முதன்முறையாக வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் செயலியில் சேர்க்கப்பட்டது. வீடு திரும்பும் வழியில், ரயிலில் நின்றபடியே அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் பெருமையாகச் செய்தி அனுப்பினேன்.

மறுநாள் காலை அலுவலகத்தில் யார் முகத்திலும் சிரிப்பில்லை.

பிழைகளைக் கண்டுபிடிப்பதற்காக, செயலிக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு கோப்பில் பதியும்படி எழுதியிருந்தேன். அதை நீக்க மறந்துவிட்டேன். என் மடிக்கணினியில் அதைப் பயன்படுத்தியது நான் ஒருத்திதான். கோப்பு சிறிதாகவே இருந்தது. ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தியபோது அது பெருத்து, சர்வரில் இருந்த இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டது. அதிகாலை மூன்று மணிக்குச் செயலி நின்றுபோனது. தூக்கத்திலிருந்து எழுந்து சரிசெய்தவர் இயக்கப் பிரிவில் இருந்த ஓர் அண்ணன். என்ன மாறியது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. தேடிக் கண்டுபிடிக்கவே இரண்டு மணி நேரம் ஆனதாம்.

மென்பொருள் பிரிவும் இயக்கப் பிரிவும் ஒரே தளத்தில், பத்தடி தூரத்தில்தான் இருந்தன. ஆனாலும் அன்று மின்னஞ்சலில்தான் சண்டை போட்டார்கள். 'சர்வரில் இடமில்லாதது எங்கள் தவறா?' என்றது ஒரு பக்கம். 'சொல்லாமல் கொள்ளாமல் எதையாவது ஏற்றினால் இப்படித்தான்' என்றது மறுபக்கம். தவறு செய்த நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. புதிய வசதிகளை விரைவாகக் கொடுத்தால் உருவாக்குபவருக்குப் பாராட்டு. எதுவும் நிற்காமல் ஓடினால் இயக்குபவருக்குப் பாராட்டு. ஒருவருக்கு மாற்றமே வேலை; மற்றவருக்கு மாற்றம் என்றாலே பயம். நிர்வாகமே இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, ஒற்றுமையாக இருங்கள் என்று சுவரொட்டி ஒட்டினால் என்ன பயன்?

இந்தச் சிக்கலைப் பற்றிப் பிறகுதான் தேடிப் படித்தேன். 2009 ஜூனில் அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் நடந்த மாநாட்டில், படப் பகிர்வுத் தளமான ஃபிளிக்கரின் ஜான் ஆல்ஸ்பா, பால் ஹாமண்ட் இருவரும் ஒரே மேடையில் பேசினர். ஒருவர் இயக்கப் பிரிவு, மற்றவர் மென்பொருள் பிரிவு. தங்கள் தளத்தில் ஒரே நாளில் பத்து முறைக்குமேல் மாற்றங்களை வெளியிடுவதாக அவர்கள் கூறியது பலரை அசரவைத்தது. மாற்றம் சிறிதாக இருந்தால் கெடுத்தது எது என்று சீக்கிரம் தெரியும். பழையபடி மாற்றுவதும் எளிது. அதே ஆண்டு அக்டோபரில் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பேட்ரிக் டெபுவா நடத்திய கூட்டத்துக்குப் பிறகு 'டெவ்ஆப்ஸ்' என்ற பெயர் பரவியது.

நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனத்தின் கதையைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி வணிகத்துக்காகத் தயார்செய்த புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏழில் மட்டுமே ஏற்றியிருந்தார்கள். விடுபட்ட ஒன்றில் பழைய நிரல் விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடங்களில் 460 மில்லியன் டாலருக்கும் அதிகமான நட்டம். அன்று சந்தை திறக்கும் முன்பே நிறுவனத்தின் கணினி 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு யாரும் செயல்படவில்லை.

நம் கதைக்கு வருவோம். அந்த அண்ணன் என்னைத் திட்டவில்லை. "அடுத்த வாரம் என் பக்கத்துல வந்து உட்காரும்மா" என்றார். உட்கார்ந்தேன். சர்வர்களின் நிலையைக் காட்டும் திரையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். "இந்தக் கோப்பு பெருசானா யாருக்குத் தெரியும்? பழையபடி மாத்த எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார். மூன்று ஆண்டுப் படிப்பில் இந்த இரண்டு கேள்விகளையும் நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை.

நம் குழுத் திட்டப்பணிகளை நினைத்துப் பாருங்கள். ஒருவர் நிரல் எழுதுவார், ஒருவர் அறிக்கை எழுதுவார். விரிவுரையாளர் முன் பத்து நிமிடம் ஓடினால் போதும், மதிப்பெண் கிடைத்துவிடும். அதன்பின் யாரும் அதைத் திறப்பதுகூட இல்லை. அடுத்த முறை, முடித்த செயலியை ஒரு மாதமாவது நண்பர்கள் பயன்படுத்த ஓடவிடுங்கள். அது நின்றால் எழுப்பும் பொறுப்பை வாரம் ஒருவராக ஏற்றுக்கொள்ளுங்கள். நிரலையே எழுதாதவர், நீங்கள் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து அதை எழுப்ப முடிகிறதா என்றும் சோதியுங்கள்.

இப்போது நான் மென்பொருள் பிரிவில் வேலை செய்கிறேன். மாதத்தில் ஒரு வாரம் அவசர அழைப்புத் தொலைபேசி என் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும். சென்ற மாதம் இரவு இரண்டு மணிக்கு அது அடித்தது. புதிதாகச் சேர்ந்த பயிற்சி மாணவர் ஒருவரின் நிரல். எதை மாற்றினார், பழையபடி ஆக்க என்ன செய்ய வேண்டும் என்று நான்கு வரி எழுதிவைத்திருந்தார். இருபது நிமிடத்தில் மறுபடியும் படுத்துவிட்டேன்.