கிரிப்டோ பணம் அனுப்புவோர் உஷார்! முகவரியில் ‘தலையும் வாலும்’ பார்த்து ரூ.450 கோடியை கோட்டை விட்டவர்

சென்னை:

கிரிப்டோ கரன்சி அனுப்பும்போது வாலட் முகவரியை முழுசாக சரிபார்க்காமல் விட்டால் மொத்தப் பணமும் அம்பேல் ஆகிவிடும். பேங்கில் ஆள் மாறி பணம் போனால் மேனேஜரிடம் போய் எழுதியாவது கொடுக்கலாம். இங்கே மேனேஜரும் கிடையாது, கிளையும் கிடையாது. அனுப்பியதை திரும்ப இழுக்க வழியில்லை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

வாலட் முகவரி என்பது நம்ம பேங்க் அக்கவுண்ட் நம்பர் மாதிரிதான். ஆனால் நீளம் ரொம்ப அதிகம். எத்தீரியம் முகவரி ‘பூஜ்யம், எக்ஸ்’ என்று தொடங்கி மொத்தம் 42 எழுத்துகள் இருக்கும். டிரான் முகவரி ‘டி’யில் தொடங்கும், 34 எழுத்து. அர்த்தமே இல்லாத எழுத்துக் குவியல் என்பதால் யாரும் முழுசாக படிப்பதில்லை. பல ஆப்களும் நடுவில் புள்ளி வைத்துவிட்டு, தலையையும் வாலையும் மட்டுமே காட்டுகின்றன.

மோசடி கும்பல் குறி வைப்பது இதைத்தான். நீங்கள் அடிக்கடி பணம் அனுப்பும் முகவரி எது என்று பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரியும் ரகம் என்பதால் அதில் சிரமம் இல்லை. பிறகு கம்ப்யூட்டரை ஓட விட்டு, முதல் எழுத்துகளும் கடைசி எழுத்துகளும் அதே மாதிரி வரும் டூப்ளிகேட் முகவரியை உருவாக்குகிறார்கள். அதிலிருந்து உங்களுக்கு சில்லறை பணம் வந்து விழும். உங்கள் பழைய கணக்கு பட்டியலில் அந்த முகவரி ஏறி உட்கார்ந்து கொள்ளும். அடுத்த முறை அங்கிருந்து காப்பி செய்தால் பணம் திருடனுக்குத்தான். இதற்கு ‘அட்ரஸ் பாய்சனிங்’ என்று பெயர்.

2025 டிசம்பரில் ஒருவர் முதலில் 50 யு.எஸ்.டி.டி. மட்டும் அனுப்பி சோதித்தார். சரியாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் டூப்ளிகேட் முகவரி பட்டியலில் நுழைந்து விட்டது. அதை காப்பி செய்து மீதி 4 கோடியே 99 லட்சத்து 99 ஆயிரத்து 950-ஐ அனுப்பி விட்டார். நம்ம பணத்தில் சுமார் ரூ.450 கோடி! சோதனை செய்தும் பணம் பறிபோனதுதான் கொடுமை.

2024 மே மாதம் இதே பாணியில் 1,155 ‘ராப்டு பிட்காயின்’ பறிபோனது. மதிப்பு சுமார் 6.8 கோடி டாலர். திருடியவர் சில நாட்களில் பெரும்பகுதியை திருப்பிக் கொடுத்து விட்டார். அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் அடிக்காது.

இன்னொரு வில்லன் வைரஸ். நீங்கள் ஒரு முகவரியை காப்பி செய்வீர்கள், பேஸ்ட் செய்யும்போது வேறு முகவரி வந்து விழும். பிட்காயினில் ஒரு எழுத்து தப்பாக டைப் அடித்தால் ஆப் ஏற்காது. ஆனால் திருடன் முகவரியும் முறையான முகவரிதான் என்பதால் அந்த சோதனையில் மாட்டாது.

அதனால் பழைய பட்டியலில் இருந்து காப்பி செய்யவே கூடாது. வாங்குபவரிடம் முகவரியை நேரடியாக கேட்டு வாங்கி, பேஸ்ட் செய்த பிறகு நடு எழுத்துகளையும் போனில் படித்துக் காட்டி ஒத்துப் பார்க்க வேண்டும். சரிபார்த்ததை ஆப்பின் முகவரி புத்தகத்தில் சேமித்து, சோதனைப் பணம், முழுப் பணம் இரண்டையும் அதிலிருந்தே அனுப்புவது நல்லது. எந்த நெட்வொர்க் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எத்தீரியம், பி.என்.பி. செயின் இரண்டிலும் முகவரி ஒரே தோற்றத்தில் இருப்பதால் இதில் குழம்பியவர்கள் ஏராளம்.

கிரிப்டோ லாபத்துக்கு 2022 முதல் 30 சதவீத வரி உண்டு. கிரிப்டோவும் ஒரு சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை ஐகோர்ட்டு கூறியது. எனவே ஏமாந்தவர்கள் தயங்காமல் புகார் கொடுக்கலாம். சைபர் கிரைம் உதவி எண் 1930. பணம் அனுப்பிய பரிமாற்ற எண், இரண்டு முகவரிகள், நேரம் ஆகியவற்றை கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். திருடன் அந்தப் பணத்தை ஏதாவது எக்ஸ்சேஞ்சுக்கு கொண்டு போனால் அங்கே முடக்கச் சொல்லி போலீசார் கேட்க முடியும்.