தேடிச் சென்ற தொண்டு

சீடர்களின் பாதங்களைக் கழுவிய இயேசு, பணிவிடையே தலைமையின் அடையாளம் என உணர்த்தினார். அந்நெறியில் வாழ்ந்தவர், இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர்.

ஆண் மருத்துவரை அனுமதிக்காத குடும்பங்களைச் சேர்ந்த மூன்று பெண்கள், ஒரே இரவில் பேறுகாலத்தில் உதவியின்றி மாண்டனர். இந்தியாவில் தங்க விரும்பாதிருந்த ஐடாவை அத்துயரமே மருத்துவம் கற்கத் தூண்டியது. திருத்தணிக்குத் தென்மேற்கேயுள்ள வேலூரில், 1900இல் ஒற்றைப் படுக்கையுடன் மருத்துவப்பணியைத் தொடங்கினார். மருத்துவமனைக்கு வர இயலாதவர்களை நாடிச் சாலையோர மரநிழல்களுக்கே சென்று, தொழுநோயாளர்க்கும் மருந்திட்டார். தம் இரு கைகள் மட்டும் போதா என்றுணர்ந்து, 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியை நிறுவினார். அதுவே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்துள்ளது.

துன்புறுவோர் தம்மை நாடி வரும்வரை காத்திராது, அவர்கள் இருக்குமிடம் தேடிச் சென்று உதவுவதே பணிவான தொண்டாகும்.